வன்னியில் விவசாயம் கற்பிக்க வருகிறவர்களுக்கு: புறப்படுவது முதல் திரும்புவது வரை

கனடா, லண்டன், சுவிஸ், அண்மைக் காலத்தில் தமிழ்நாடு என்று பல பக்கமிருந்தும் ஒரே கேள்வி வருகிறது: "வன்னியில் ஒரு கிராமத்தில் தங்கி, சிறு காணியில் நஞ்சில்லாமல் பயிர் செய்யச் சொல்லிக்கொடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?" ஆசை நல்லதுதான். ஆனால் பலர் விமானச் சீட்டை வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். அதற்குள் மாதம் பிழையாகிவிடும், சில வேளை விசாவும் பிழையாகிவிடும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப் பகுதி ஆகியவற்றை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற வறண்ட வலயக் கிராமங்களுக்கும் பாதி பொருந்தும். தன்னார்வமாக வரும் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இங்குள்ள கமக்காரருக்கு, அதாவது விவசாயிகளுக்கு, செலவு குறைய வேண்டும். இயற்கை விவசாயம், நிலைபேறு என்று எந்தப் பெயரில் கொண்டு வந்தாலும், ஒரு போகத்தில் ஒரு வீட்டுச் செலவைக் குறைக்காத பாடத்தை யாரும் இரண்டாம் போகத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

1. வருமுன் இந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் 2021. அந்த ஆண்டு சித்திரையில் கோத்தாபய ராஜபக்ஷ அரசாங்கம் இரசாயனப் பசளை, பூச்சிகொல்லி இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மே மாதம் வர்த்தமானியும் வந்தது. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாற வேண்டுமாம். ஆயத்தம் எதுவும் இல்லை. கார்த்திகையில் தடையை நீக்கினார்கள். அதற்குள் மாரிமழைப் போகமான காலபோகம் விதைத்து முடிந்திருந்தது. பயிர் வெளிறி நின்றது, விளைச்சல் விழுந்தது. பிறகு யூரியா கிடைத்தபோது விலை பல மடங்கு. ஆகவே பொதுநோக்கு மண்டபத்தில் எழுந்து நின்று "இனி இரசாயனம் வேண்டாம், சேதனத்துக்கு மாறுங்கள்" என்று நீங்கள் தொடங்கினால், முன்வரிசையில் இருப்பவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பின்வரிசை எழுந்து போய்விடும்.

அந்த மாற்றம் ஏன் பிழையாய்ப் போனது என்ற கணக்கு எளிது. யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் 1 முதல் 2 வீதம்தான். அந்த 23 கிலோவைக் கூட்டெருவில் கொடுக்க ஏறத்தாழ ஒன்றரைத் தொன் வேண்டும். அதுவும் மெல்ல மெல்லத்தான் பயிருக்குக் கிடைக்கும். இந்தக் கணக்கை நீங்களே முதலில் சொன்னால், இவன் விசயம் தெரிந்தவன் என்று காது கொடுப்பார்கள்.

அடுத்தது, இங்குள்ளவர்கள் புதிதாகப் பழகுகிறவர்கள் அல்ல. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் முத்தையன்கட்டு, விசுவமடு பக்கம் மிளகாயும் வெங்காயமும் செய்து தலையெடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. 1977க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்து நொந்தவர்களும் அவர்களே. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களைக் குடியேற்றித் தோட்டம் செய்ய உதவிய காந்தியம் அமைப்பின் கதையும் இந்த மண்ணில்தான் நடந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். ஊருக்கு உதவ வந்தவர்கள் என்றால் இங்கே நினைவில் இருப்பது அப்படிப்பட்டவர்கள். உங்களை எந்த அளவுகோலில் பார்ப்பார்கள் என்று தெரிந்து வருவது நல்லது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியாவும் எரிபொருளும் வன்னிக்குள் வர விடவில்லை. அப்படியும் வயல் விளைந்தது. எருவும் இலைக்குழையும் மாட்டுப் பட்டியும் வைத்து விளைவித்தவர்கள் இன்றும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். யூரியா இல்லாமல் எப்படிச் செய்வது என்று உங்களிடம் கேட்க அவர்களுக்குத் தேவை இல்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். அப்புறம் 2009, போர் முடிந்த ஆண்டு. மாடு, கிணறு, கருவி, விதை எல்லாம் போய், செட்டிகுளம் மனிக் பாம் முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பித் தொடங்கியவர்கள். நாட்டு விதை பல வீடுகளில் அந்த ஆண்டோடு முடிந்துபோனது.

2. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

வழிகாட்டியில் இதுதான் முக்கியமான பகுதி. எத்தனை நாள் நிற்கிறீர்கள் என்பதைவிட எப்போது நிற்கிறீர்கள் என்பதே உங்கள் வேலையைத் தீர்மானிக்கும்.

வன்னிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை. காலபோகம் அந்த மழையோடு போகிறது. புரட்டாதியில் முதல் மழைக்கு உழவு, சில இடங்களில் புழுதி விதைப்பு. ஐப்பசியில் விதைப்பு. தையிலிருந்து பங்குனிக்குள் அறுவடை. மேட்டுக்காணியில் உழுந்து, பயறு, கச்சான், சோளம் எல்லாம் இதே மழைக்குத்தான். சிறுபோகம் சித்திரையிலிருந்து ஆவணி வரை, அதுவும் குளத்தில் தண்ணீர் இருந்தால். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் விதைப்பார்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்பதை நீர்மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், மன்னாரில் கட்டுக்கரைக்குளம் எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு. முடிந்தால் அந்தக் கூட்டம் ஒன்றில் பின்னால் போய் உட்காருங்கள். வாய் திறக்க வேண்டாம். கிராமத்தில் யார் சொல்லுக்கு மதிப்பு, எங்கே பிணக்கு, எந்த வாய்க்கால் உடைந்திருக்கிறது என்று ஒரு காலைக்குள் விளங்கிவிடும்.

மூன்று நான்கு மாதம் நிற்க முடிந்தவர்கள் ஆவணிக் கடைசியில் வாருங்கள், மார்கழி தாண்டிப் போங்கள். நிலம் பண்படுத்துவது, விதைப்பு, களை, பூச்சி, வெள்ளம் எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். வெள்ளம் என்று சும்மா சொல்லவில்லை. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் தண்ணீருக்குள் போயின.

பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது யூலை, ஓகஸ்ட் விடுமுறைதான். அந்த நேரம் சோளகக் காற்று அடிக்கும், நிலம் வெடித்துக் கிடக்கும். கிணற்றில் நீர் இறங்கியிருக்கும். அப்போது புதுப் பாத்தி போட்டு நாற்று நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போனால், நீங்கள் விமானம் ஏறமுன் நாற்று கருகிவிடும். அந்த வீட்டு அக்கா, குடிக்க வைத்த தண்ணீரைக் கூச்சத்துக்காக ஊற்றிக்கொண்டிருப்பார். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது: வேலி அடைப்பது, கூட்டெருக் குவியல் போடுவது, வேப்பம் விதை பொறுக்கிக் காயவைப்பது, உழுந்து விதை முளைக்குமா என்று பார்ப்பது. எல்லாம் மழைக்கு முந்திய ஆயத்தம். படத்துக்கு அழகில்லை, பயன் நிறைய.

3. விசாவும் ஊர்க் கதவுகளும்

சுற்றுலா விசாவில் சம்பளம் இல்லாத வேலைக்கும் இடமில்லை. "நான் காசு வாங்கவில்லையே" என்ற சமாதானம் எடுபடாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. மற்றவர்கள் இலங்கையில் பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றின் ஊடாக அதற்குரிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த வகை, எவ்வளவு காலம் என்பதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டுக்கு வந்து அவர்கள் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பது வேறு, கூட்டம் போட்டுப் பயிற்சி நடத்துவது வேறு.

விதை கொண்டுவராதீர்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதையோ கிழங்கோ மண்ணோ கொண்டுவர முடியாது. சட்டத்தை விடுங்கள், சோளத்தை அழிக்கும் படைப்புழு இந்த நாட்டுக்குள் 2018இல்தான் வந்து சேர்ந்தது. இன்னொன்றை நீங்கள் பெட்டியில் கொண்டுவர வேண்டாம். ட்ரோனும் வேண்டாம், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் உங்களைவிட உங்களை வைத்திருக்கும் வீட்டாருக்குத்தான் விசாரணை.

ஊருக்குள் ஒழுங்கான வழி இதுதான். பிரதேச செயலகத்துக்கு நிறுவனத்தின் கடிதம் போகட்டும். பிறகு கிராம அலுவலரைப் போய்ச் சந்தியுங்கள். கமநல சேவை நிலையத்துக்குப் போய் உங்களைத் தெரியப்படுத்துங்கள். கமக்காரர் அமைப்பின் தலைவர், செயலாளர் பெயர் அங்கே கிடைக்கும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான விவசாயப் போதனாசிரியரைக் கட்டாயம் பாருங்கள். நீங்கள் போன பிறகும் அங்கே நிற்கப்போகிறவர் அவர்தான். அவரை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சி ஒரு போகத்தோடு முடியும். பெண்களோடு வேலை என்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். பல்கலைக்கழகத் துணை வேண்டுமென்றால் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது; தங்கள் மாவட்டத்துக்காக ஏதாவது செய்ய ஆசையுள்ள மாணவர்களை அங்கே பிடிக்கலாம், மொழிபெயர்ப்பும் தேவைப்படாது.

4. முதல் இரண்டு வாரம்: நடந்து பார்த்தல்

படிப்பிக்க வேண்டாம். வீடு வீடாகப் போய்த் தேநீர் குடியுங்கள். கேட்க வேண்டியவை சில:

கிணறு எத்தனை அடி, ஆவணியில் எவ்வளவு நீர் நிற்கும், உப்பா நன்னீரா? கடற்கரையை அண்டிய ஊர்களில் நன்னீர் உவராகிக்கொண்டு வருவதைச் சொல்வார்கள். மண் என்ன? முல்லைத்தீவுப் பக்கத்துச் செம்மண்ணும் முருங்கன் பக்கத்துக் கரிய களியும் ஒரே பாடத்துக்குக் கட்டுப்படாது. களி மழையில் ஒட்டும், வெயிலில் பிளக்கும், அங்கே பாத்தியை உயர்த்த வேண்டும். மணல் மண்ணில் தாழ்த்த வேண்டும்.

காணி யாருடையது? உறுதி உள்ள சொந்தக் காணியா, அரச அனுமதிப்பத்திரமா, வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) செய்வதா? வாரத்துக்குச் செய்கிறவரிடம் ஐந்து வருடத்தில் மண் வளமாகும் என்று சொல்வது கொஞ்சம் கொடுமை. அடுத்த வருடம் அந்தக் காணி அவர் கையில் இருக்குமோ தெரியாது.

இரவில் என்ன வருகிறது? இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் கிடைக்கும். காட்டோர ஊர் என்றால் யானை, பன்றி. எல்லா ஊரிலும் மயில், குரங்கு. அதற்கும் மேல் கட்டாக்காலி மாடு. நீங்கள் எவ்வளவு நல்ல தோட்டம் திட்டமிட்டாலும் வேலி இல்லாவிட்டால் அது மாட்டுக்குத்தான். கிளுவை, கிளிசரியா, பூவரசு என்று உயிர்வேலி போடுவதையே முதற்பாடமாக வைக்கலாம். மழை தொடங்கும்போது கதியால் (வேலிக் கம்பு) நட்டால் பிடித்துவிடும், பிறகு குழையும் கிடைக்கும்.

அப்புறம், உழைக்க யார் இருக்கிறார்கள்? கணவரை இழந்தோ காணாமல் போகக் கொடுத்தோ ஒரு பெண் தனியாக நடத்தும் வீடுகள் இங்கே நிறைய. அவர் காலையில் கூலி வேலைக்குப் போய், பின்னேரம் வந்து சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, மிச்ச நேரத்தில் உங்கள் கூட்டெருக் குவியலைப் புரட்ட வேண்டும். அவருடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கும் எந்த முறையும் அந்த வீட்டுக்கு உரியதல்ல. போரைப் பற்றி, காணாமல் போனவர்களைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். அப்போது கேட்டுக்கொண்டிருங்கள், போனை எடுக்காதீர்கள்.

5. ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்

ஒரு வருகைக்கு ஒரு பாடம், கூடினால் இரண்டு. கீழே உள்ளவை இங்கே எடுபடுகிறவை. எனக்குப் பிடித்த வரிசையில் தருகிறேன்.

*விதை.* செலவு இல்லை, பலன் உடனே தெரியும். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். நாலைந்து நாளில் விரித்து முளைத்ததை எண்ணுங்கள். எண்பதுக்குக் கீழே என்றால் கூட விதைக்க வேண்டும், ஐம்பதுக்குக் கீழே என்றால் அந்த விதையை விடுங்கள். விதைநெல்லுக்கு உப்புக் கரைசல்: பச்சை முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து நெல்லைப் போட்டால் சாவி (பதர்) மேலே வரும். அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். வயலுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் (40 கிலோ அளவு) விதைநெல் போதும் என்று திணைக்களம் சொல்கிறது. களைக்கும் குருவிக்கும் பயந்து பலர் அதைவிடக் கூட எறிகிறார்கள். ஒரு சிறு வரவையில் (வயல் துண்டில்) வரிசை விதைப்போ, தட்டில் வளர்த்த நாற்றை எறியும் பரசூட் முறையோ செய்து பக்கத்தில் வழமையான வீச்சு விதைப்பையும் விட்டால், நீங்கள் பேசத் தேவையில்லை. உழுந்து, பயறு விதையை நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத போத்தலில் அடைத்தால் வண்டு வராது.

*கூட்டெரு.* மாரியில் குழி வெட்டினால் குழி குளமாகும். மேலே குவியலாகப் போடுங்கள். கோடையில் மரநிழல் வேண்டும். வைக்கோல், சருகு ஒரு படை, கிளிசரியாக் குழை ஒரு படை, சாணிக் கரைசல், ஒரு பிடி பழைய எரு. இப்படியே இடுப்பளவுக்கு. கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி விழும் ஈரம் போதும். மேலே கிடுகால் மூடுங்கள். நடுவில் ஒரு தடியைச் செருகி வைத்து, நாலாம் நாள் இழுத்துத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேலை நடக்கிறது. குளிர்ந்திருந்தால் சாணியும் ஈரமும் போதவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: ஒரு யார் நீள, அகல, உயரக் குவியல் வீட்டுத் தோட்டத்தின் சில பாத்திகளுக்குத்தான் காணும். வயலுக்கு இது விடையல்ல.

*வயலில் யூரியாவைக் குறைப்பது.* வயலுக்கு விடை வேறு. அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கொளுத்தாமல் மடித்து உழுவது முதலாவது. நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது, கொளுத்துவது காசைக் கொளுத்துவதுதான். இரண்டாவது இலை நிற அட்டை. கையடக்கமான பிளாஸ்டிக் அட்டை. பச்சையின் பல சாயல்கள் இருக்கும். முழுதாக விரிந்த இளம் இலையை உங்கள் நிழலில் வைத்துப் பத்து இடத்தில் ஒப்பிட்டு, வெளிறினால் மட்டும் யூரியா. பக்கத்து வயல்காரர் எறிகிறார் என்பதற்காக எறிவது நின்றாலே அரை மூட்டையாவது மிஞ்சும். யூரியா கூடின வயலில்தான் அறக்கொட்டி, மடிச்சுக்கட்டி என்ற நெற்பூச்சிகள் முதலில் இறங்கும். அங்கே மருந்துச் செலவும் குறைகிறது. வெளிநாட்டிலிருந்து எதையாவது கொண்டுவர வேண்டும் என்றால் இந்த அட்டையைக் கொண்டுவாருங்கள்.

பழைய பட்டி முறையை மறக்க வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் மாட்டுப் பட்டியை இரவில் அடைத்து, சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் சாணியும் சலமும் நேரே மண்ணுக்குப் போகும். மாடு வைத்திருப்பவரும் வயல்காரரும் பேசிக்கொண்டால் போதும். அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்க வெளியாள் ஒருவர் சில வேளை உதவியாக இருப்பார்.

*வேப்பம் விதைக் கரைசல்.* ஆனி, ஆடியில் வேப்பம்பழம் கொட்டும். சதையைக் கழுவி நிழலில் காயவைத்து, சாக்கில் கட்டி வையுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தேவைப்படும்போது பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள். அன்றே முடித்துவிட வேண்டும். இது பூச்சியை உடனே கொல்லும் மருந்தல்ல, தின்ன விடாது, வளர விடாது. கடை மருந்தைப் போல மறுநாள் செத்து விழும் என்று எதிர்பார்க்க வைத்தால் ஒருநாளில் கைவிட்டுவிடுவார்கள். மிளகாய், கத்தரிக்கு நல்லது.

*வளவு (வீட்டைச் சுற்றிய காணி).* பெண்களோடு வேலை என்றால் இங்கே தொடங்குங்கள். குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை. வேலியில் முருங்கையும் அவரையும். பப்பாசி நாலு. கத்தரி, வெண்டி, பயிற்றை. வைக்கோலாலும் சருகாலும் மண்ணை மூடினால் தண்ணீர் ஊற்றுவது பாதியாகும். ஊர்க்கோழி ஐந்தாறு, இரவில் அடைக்கக் கூடு. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஒரு கழிச்சல் வந்தால் முழுக் கூடும் போய்விடும்.

மேட்டுக்காணியில் உழுந்துக்கு இலை மஞ்சளிக்கும் வைரஸ் நோய் வரும், வெள்ளை ஈ பரப்பும். முதலில் மஞ்சளித்த செடியைப் பிடுங்கிப் புதைப்பதைத் தவிரப் பெரிய வித்தை இல்லை.

6. கற்பிக்கும் விதம்

திரை போட்டுப் படம் காட்டுவதை விட்டுவிடுங்கள். கமக்காரர் நம்புவது பக்கத்துக் காணியை. ஊரில் எல்லாரும் போகவரப் பார்க்கும் ஒழுங்கையோரக் காணியில், அதன் சொந்தக்காரர் கையால், பாதி வழமையாகவும் பாதி புது முறையிலும் செய்ய வையுங்கள். உங்கள் பெயர்ப் பலகை வேண்டாம். செலவை அவரே ஒரு கொப்பியில் எழுதட்டும்: விதை, உழவுக்கூலி, பசளை, மருந்து, களை. போகம் முடிய இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கும் கூட்டத்தில் பேச வேண்டியவர் அவர்.

நேரம் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. கோயில் பொங்கல், சாவீடு, விதைப்பு நாள் எதிலும் கூட்டம் வைக்காதீர்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வாரம் என்றால் முல்லைத்தீவில் உங்களுக்கு ஆள் கிடைக்காது, நீங்களும் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். வயதில் மூத்தவர் ஐயா, அம்மா. மற்றவர்கள் அண்ணை, அக்கா. இளையவரையும் நீங்கள் என்றே அழையுங்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கூட்டங்களில் பின்னால் நிற்பார்கள். காட்டு நிலத்தைக் கண் முன்னே தோட்டமாக்கியவர்கள் அவர்கள், முன்னால் கூப்பிடுங்கள்.

பயிற்சிக்கு வந்தவர்களுக்கு நாட்கூலி கொடுக்கும் பழக்கத்தைச் சில திட்டங்கள் இங்கே விட்டுச் சென்றிருக்கின்றன. நீங்கள் தேநீரும் வடையும் கொடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

7. காசு

கையில் காசு கொடுப்பதும் கடனாகக் கொடுப்பதும் இரண்டுமே வேண்டாம். நுண்கடன் இங்கே பல குடும்பங்களைக் கசக்கிவிட்டது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. புதிதாக ஒரு தவணையை யார் தலையிலும் கட்டாதீர்கள். கருவி வாங்குவதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கி, சங்கத்தின் பெயரில் பதிந்து, யார் வீட்டில் இருக்கும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். விதை கொடுத்தால் விளைந்த பிறகு அதே அளவு விதையைச் சங்கத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் இன்னொரு வீட்டுக்குப் போகும்.

விற்பனையைப் பற்றி வாக்குறுதி கொடுக்காதீர்கள். எல்லாரும் ஒரே மாதத்தில் கத்தரி கொண்டுவந்தால் சந்தையில் மாட்டுக்குப் போடும் விலைதான். வீட்டில் உண்டது போக மிஞ்சினதை விற்கலாம் என்ற அளவோடு பேசுங்கள்.

8. உடம்பும் பாதுகாப்பும்

வெடிபொருள் அகற்றல் பல ஆண்டுகளாக நடக்கிறது, எல்லா இடமும் முடிந்துவிடவில்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை உள்ள இடத்துக்குள் போக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வருவது வேறு: பல வருடம் உழாமல் கிடந்த பற்றைக் காணியில் குழி வெட்டும் யோசனையை நீங்கள் கொண்டுவராதீர்கள். உழுது பழகிய மண்ணிலேயே வேலை செய்யுங்கள். துருப்பிடித்த இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள்.

வயலில் இறங்குகிறவர்களுக்கு மாரிகாலத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். கண்ணாடி விரியன் வரம்பிலும் வைக்கோலிலும் கிடக்கும்; இரவில் ரோச் இல்லாமல் நடக்க வேண்டாம். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, நாட்டு வைத்தியம் தேடி அலைவது எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. அம்புலன்சுக்கு 1990. பயிர் சம்பந்தமான கேள்விக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920. மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது.

9. போகும் முன்

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். போதனாசிரியர், சங்கத் தலைவர், காணிக்காரர் மூவரையும் ஒரே நாளில் அந்தத் துண்டுக் காணியில் நிற்க வைத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுங்கள். செலவுக் கொப்பியின் பிரதி ஒன்று போதனாசிரியரிடம் இருக்கட்டும். அடுத்த போகத்துக்கு விதை யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போங்கள்.

ஊருக்குப் போனபின் தினமும் வட்ஸ்அப்பில் படம் கேட்டுத் தொல்லை கொடுக்க வேண்டாம். புரட்டாதி பிறந்ததும் ஒருமுறை அழைத்து, விதை முளைக்க வைத்துப் பார்த்தீர்களா என்று மட்டும் விசாரியுங்கள். பார்க்கவில்லை, விதையை வண்டு தின்றுவிட்டது என்று பதில் வந்தால் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப அவசரப்படாதீர்கள். பயிற்சிக்கு வந்த வேறு யாராவது ஒருவர் வீட்டில் அதே விதை இருக்கும். அவர் எண்ணைக் கொடுத்து இருவரையும் பேசவிடுங்கள்.